போத்தலுக்குள் ஒரு முட்டை: தரம் 4 பெற்றோருக்கு அதிபரின் கடிதம்

திருகோணமலை

தரம் 4 மாணவர்களின் பெற்றோருக்கும் பாதுகாவலர்களுக்கும்,

வணக்கம்.

வருகின்ற வெள்ளிக்கிழமை முதல், வாரத்துக்கு ஆறு பிள்ளைகள் வீதம், தரம் 4 மாணவர்கள் ஒரு சிறிய கண்ணாடிப் போத்தலுடன் வீட்டுக்கு வருவார்கள். போத்தலின் வாயில் மெல்லிய துணி கட்டப்பட்டிருக்கும். உள்ளே ஈரப்பஞ்சு சுற்றிய காம்புடன் நந்தியாவட்டைத் தளிர் ஒன்று இருக்கும்; அதன் இலையில் கடுகளவான, வெளிர்பச்சை நிறமான ஒரு முட்டை ஒட்டியிருக்கும். பார்வைக்கு அது வெறும் இலை போலத்தான் தெரியும். கடந்த ஆண்டு இப்படி அனுப்பிய போத்தல்களில் இரண்டு, வாடிய இலையென்று கருதப்பட்டுக் கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டன. கழுவியவர்கள் மீது குற்றமில்லை. முன்கூட்டியே அறிவிக்காதது எங்கள் தவறு. ஆகவே இம்முறை இக்கடிதத்தை முதலில் அனுப்புகின்றேன்.

அந்த முட்டை ஓர் அந்துப்பூச்சியினுடையது. விஞ்ஞானத்தில் டப்னிஸ் நேரீ எனப்படும் இந்தப் பெரிய அந்து, இரவில் பறந்து வந்து அலரியிலும் நந்தியாவட்டையிலும் முட்டையிடுகின்றது. சாமிப் படத்துக்குப் பூப்பறிக்கவென்று உப்புவெளியிலும் பாலையூற்றிலும் கன்னியாவிலும் உங்களில் பலர் முற்றத்தில் வளர்க்கும் அதே நந்தியாவட்டைதான். மாரி மழை ஓய்ந்து செடிகள் தளிர்விட்டிருக்கும் இந்நாட்களில் இளம் இலைகளைத் திருப்பிப் பார்த்தால் முட்டைகள் கிடைக்கின்றன. ஆனால் இந்த அந்து முட்டைகளைக் குவியலாக இடுவதில்லை. ஒன்றொன்றாக, இடம்மாறி இடம்மாறி இடுகின்றது. எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே நாளில் போத்தல் கொடுக்க முடியாததற்கு அதுவே காரணம் என்பதால், தம் முறை வரும்வரை பொறுத்திருக்கும்படி பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.

கடந்த வாரம் ஒரு முட்டை வகுப்பறையிலேயே பொரித்தது. காலைக் கூட்டத்துக்கு மணி அடிக்கும் நேரத்தில் வகுப்பாசிரியை ஆளனுப்பி என்னை அழைத்தார். கூட்டத்தைப் பத்து நிமிடம் தள்ளிவைத்துவிட்டு நானும் கைவில்லையுடன் குனிந்து நின்றேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். முதல் நாள் இலையின் நிறத்திலேயே இருந்த முட்டையின் ஓடு அப்போது கண்ணாடித்தாள் போலத் தெளிந்திருந்தது. உள்ளே சுருண்டு கிடந்த புழு அசைவதும், சற்று ஓய்வதும், மீண்டும் அசைவதும் நன்றாகத் தெரிந்தன. பின்னர் அது தன் தாடைகளால் ஓட்டை ஒரு பக்கத்தில் அரிக்கத் தொடங்கியது. முதலில் ஊசிமுனையளவு துளை. அது மெல்ல மெல்ல வட்டமாக விரிந்து, தலை நுழையும் அளவானதும் தலை வெளியே வந்தது. அதன் பிறகு நெடுநேரம் ஒன்றுமே நடக்கவில்லை. பிள்ளைகளில் சிலர் அது செத்துவிட்டதென்றே முடிவுகட்டினார்கள். பிறகு உடலை வளையம் வளையமாக நெளித்து இழுத்துக்கொண்டு முழுப் புழுவும் இலைமேல் வந்து சேர்ந்தது. வெளிவந்த புழு இலையைத் தேடிப் போகவில்லை; திரும்பி, தான் இருந்த ஓட்டையே தின்னத் தொடங்கியது. அதுவே அதன் முதல் உணவு.

அந்தப் புழு ஏறத்தாழ நான்கு மில்லிமீற்றர் நீளமும் மஞ்சள் நிறமும் கொண்டது. பின்புறத்தில் நூல்போல மெலிந்து நீண்ட கறுப்புக் கொம்பு ஒன்று உண்டு. இலையைத் தின்னத் தொடங்கிய பின்னரே உடல் பச்சையாகும். ஒன்றரை மில்லிமீற்றர் முட்டைக்குள் நான்கு மில்லிமீற்றர் புழு எப்படி இருந்தது என்று ஒரு மாணவி கேட்டார். ஆசிரியை விடை சொல்லாமல் ஒரு எலுமிச்சம்பழத்தையும் நூலையும் கொடுத்து, பழத்தைச் சுற்றி அளக்கச் சொன்னார். உருண்டையின் சுற்றளவு அதன் விட்டத்தின் மூன்று மடங்குக்குச் சற்று மேல் வரும் என்பதைப் பிள்ளைகளே கண்டார்கள். ஓட்டின் உட்சுவரை ஒட்டிச் சுருண்டால் புழுவுக்கு இடம் போதும். கணித பாடத்தில் நான் பல ஆண்டுகளாகத் தேடிய ஓர் உதாரணம் இப்படி இலவசமாக வந்து சேர்ந்தது.

இனி, உங்களிடம் நான் கேட்டுக்கொள்ள விரும்பும் முக்கியமான விடயம் பிள்ளைகளின் அவதானிப்புக் குறிப்பேடு பற்றியது. கடந்த ஆண்டுக் குறிப்பேடுகளைப் பார்த்தபோது, சிலவற்றில் வசனங்கள் மிக அழகாகவும் படங்கள் பிழையின்றியும் இருந்தன. ஆனால் அவை கைத்தொலைபேசியில் தேடி எடுத்து, வீட்டிலுள்ள பெரியவர்கள் எழுதிக்கொடுத்தவை. வேறொரு பிள்ளை, ஒரு வாரம் வளர்ந்த புழுவின் கால்களைப் பொறுமையாக எண்ணிப் பதினாறு என்று சரியாக எழுதியிருந்தார். பின்னர், பூச்சிகளுக்கு ஆறு கால்கள்தான் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, பதினாறை அழித்து ஆறு என்று மாற்றியிருந்தார். அழிறப்பர் தேய்த்த அடையாளம் இன்னமும் அந்தப் பக்கத்தில் இருக்கின்றது. அவர் முதலில் எழுதியதே சரி. மார்பில் உள்ள மூன்று சோடிக் கால்கள் உண்மைக் கால்கள். அவற்றுக்குப் பின்னால் இலையைப் பற்றிக்கொள்ள உதவும் ஐந்து சோடிச் சதைப்பற்றான பொய்க்கால்கள் உள்ளன. பிள்ளை கண்டதைப் பிள்ளையின் கையாலேயே எழுத விடுங்கள். எழுத்துப் பிழை இருந்தால் இருக்கட்டும், அதைத் திருத்துவது எங்கள் வேலை. பொரிக்கும் நேரத்தைத் தவறவிட்டால், "நான் பார்க்கவில்லை, காலையில் வெறும் ஓடு இருந்தது" என்று எழுதினாலும் முழுப் புள்ளியும் உண்டு.

போத்தலின் துணிமூடிக்கும் ஒரு வரலாறு உண்டு. அழுகிய இறைச்சியிலிருந்து புழு தானாகவே தோன்றுகின்றது என்று நம்பப்பட்ட காலத்தில், இத்தாலிய மருத்துவரான பிரான்செஸ்கோ ரெடி சில போத்தல்களைத் திறந்தும் சிலவற்றைத் துணியால் மூடியும் வைத்துச் சோதித்து, ஈ முட்டையிட முடியாத இறைச்சியில் புழு உண்டாவதில்லை என்று 1668 இல் காட்டினார். எங்கள் வகுப்பிலும் மூன்று பிள்ளைகள் புழு இலையிலிருந்தே முளைக்கின்றது என்று முதல் நாள் உறுதியாகச் சொன்னவர்கள்தான்.

போத்தலை வெயில் படாத, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். அதே அறையில் நுளம்புத்திரி கொளுத்தவோ பூச்சிமருந்து விசிறவோ வேண்டாம். நுளம்பைக் கொல்லும் மருந்து இந்தப் புழுவையும் கொன்றுவிடும். டெங்கு காரணமாக உங்கள் ஒழுங்கையில் புகையடிக்க வருவார்களானால் போத்தலை அன்றே பாடசாலைக்கு அனுப்பிவிடுங்கள், நாங்கள் பார்த்துக்கொள்வோம். எறும்புத் தொல்லையுள்ள வீடுகளில், தண்ணீர் ஊற்றிய தட்டின் நடுவே போத்தலை வைப்பது நல்லது. போத்தலுக்குள் தண்ணீர் தெளிக்கக் கூடாது. ஒரு துளியிலேயே சின்னப் புழு அமிழ்ந்துவிடும். முட்டையை இலையிலிருந்து பிரிக்கவோ புழுவை விரலால் எடுக்கவோ வேண்டாம். இலை வாடினால், மருந்தடிக்காத நந்தியாவட்டைத் தளிர் ஒன்றைப் பக்கத்தில் வைத்தால் புழு தானாகவே ஏறிக்கொள்ளும்.

சில முட்டைகள் பொரிக்காமல் சுருங்கிப்போகலாம். சில கறுத்துப்போகலாம், அப்படிக் கறுத்தவற்றை எறிந்துவிடாதீர்கள். ஒரு மில்லிமீற்றருக்கும் குறைந்த ஒட்டுண்ணிக் குளவி தன் முட்டையை அந்தின் முட்டைக்குள் இட்டிருந்தால், புழுவுக்குப் பதிலாகக் குளவிகளே வெளிவரும். டிரைக்கோகிரம்மா எனப்படும் அந்தக் குளவிகள் மனிதரைக் கொட்டுவதில்லை. பயிரைத் தின்னும் புழுக்களைக் கட்டுப்படுத்தப் பல நாடுகளில் அவற்றை வளர்த்து வயல்களில் விடுகின்றார்கள். அத்தகைய முட்டை கிடைத்த பிள்ளை அழ வேண்டியதில்லை, அவருக்குக் கிடைத்தது அரிய காட்சி.

இரண்டு எச்சரிக்கைகள். அலரி, குறிப்பாக மஞ்சள் அலரியின் விதை, எவ்வளவு நஞ்சானது என்பதை நம் பகுதியில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. அதனாலேயே அலரியைத் தவிர்த்து நந்தியாவட்டையைத் தேர்ந்தெடுத்தோம். ஆனாலும் அதன் பாலும் வாயிலோ கண்ணிலோ படக்கூடாது. தொட்டபின் சவர்க்காரமிட்டுக் கைகழுவ வேண்டும். அடுத்தது, இந்த ஆர்வத்தில் பிள்ளைகள் முருங்கை மரத்து மயிர்க்கொட்டியையும் போத்தலில் அடைக்க முயலக்கூடும். நாங்கள் தரும் புழுவுக்கு மயிர் இல்லை. மயிர் உள்ள எதையும் தொட வேண்டாம். தொட்டுவிட்டால் தேய்க்காமல், ஒட்டுநாடாவை ஒட்டி எடுத்து மயிர்களை அகற்றிய பின் கழுவுங்கள். கண்ணில் பட்டால் தாமதியாமல் வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள்.

அடுத்த ஆண்டு புலமைப்பரிசில் பரீட்சை இருக்கும்போது புழு பார்க்க நேரம் ஏது என்று ஒரு தந்தை என்னிடம் நேரில் கேட்டார். நியாயமான கவலைதான். இதற்குத் தேவைப்படுவது காலையில் ஐந்து நிமிடமும் மாலையில் ஐந்து நிமிடமும் மட்டுமே. அந்த வாரத்துக்குச் சுற்றாடல் பாடத்தில் வேறு வீட்டுவேலை கொடுக்கப்படமாட்டாது. அதற்கு மேலும் விருப்பமில்லாதவர்கள் வகுப்பாசிரியையிடம் சொன்னால், பிள்ளை பாடசாலையிலுள்ள போத்தலையே அவதானிக்கலாம்.

போத்தல் கிடைத்த பிள்ளைகள் அதை மறு வெள்ளிக்கிழமை திரும்பக் கொண்டுவர வேண்டும். புழுக்களைப் பாடசாலை வேலியோரத்து நந்தியாவட்டையில் விடுவோம். ஏழெட்டு சென்ரிமீற்றர் வரை வளர்ந்து, சருகுக்குள் இறங்கிக் கூட்டுப்புழுவாகும் வரை அவை அங்கேயே இருக்கும். போத்தலுடன் தரப்படும் கைவில்லைகள் எண்ணிக்கையில் குறைவு, அவற்றை மறக்காமல் திருப்பி அனுப்புங்கள். துணிமூடியைத் திருப்பித் தரத் தேவையில்லை.

இப்படிக்கு,
அதிபர்