விண்ணப்பத்தில் வேலை இல்லாத இரண்டு ஆண்டுகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோவையில் ஒரு பம்ப்செட் தொழிற்சாலையில் நான்கு ஆண்டுகள் பொறியாளராக இருந்துவிட்டு, நிதித்துறைக்கு மாறுவதற்காக வேலையை விட்டவன் நான். படிப்புக்குச் செலவான இரண்டு ஆண்டுகளைக் காட்டி, பிறகு சென்ற நேர்முகத் தேர்வுகளில் எல்லாம் "வீட்டில் சும்மாதான் இருந்தீர்களா?" என்றே முதலில் கேட்டார்கள்.

வணிகவியல் படிக்காத பட்டதாரியும் 60 விழுக்காடு மதிப்பெண் பெற்றிருந்தால் சி.ஏ. எனும் பட்டயக் கணக்காளர் படிப்பின் இடைநிலையான இன்டர்மீடியட் தேர்வுக்கு நேரடியாகப் பதிவு செய்யலாம். ஆனால் பற்று எது, வரவு எது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். ஒவ்வொரு தாளிலும் 40, சில தாள்கள் சேர்ந்த குரூப்பின் மொத்தத்தில் 50 விழுக்காடு எடுத்தாக வேண்டும் என்பதால், மற்ற தாள்களில் நல்ல மதிப்பெண் வாங்கியும் ஒரே தாளில் 38 எடுத்த எனக்கு முதல் முறை குரூப் கிடைக்கவில்லை. இப்போது ஆண்டுக்கு மூன்று முறை நடக்கும் இத்தேர்வு அப்போது மே, நவம்பர் என இருமுறைதான் நடந்தது. இரண்டு மதிப்பெண்ணுக்கு ஆறு மாதம் போயிற்று. (2022-இல் கூலி உயர்வு கேட்டுச் சோமனூர், பல்லடம் பகுதி விசைத்தறிகள் வாரக்கணக்கில் நின்றன. அந்த நாள்களுக்குத் தறிக்காரர்களிடம் யாரும் விளக்கம் கேட்டதாக எனக்கு நினைவில்லை.)

உறவினரின் பனியன் கம்பெனியில் கணக்கு எழுதியதாக ஒரு அனுபவச் சான்றிதழ் வாங்கிக்கொள்ளும்படி நண்பர்கள் சொன்னார்கள். இந்த யோசனை நம் பக்கத்தில் தாராளமாகக் கிடைக்கிறது. வைப்பு நிதிக் கணக்கில் வேலைக்குச் சேர்ந்த தேதியும் விலகிய தேதியும் பதிவாகியிருக்கும்போது அந்தப் பொய் எத்தனை நாள் நிற்கும் என்பது ஒருபுறம் இருக்க, தன் விண்ணப்பத்திலேயே தேதியைத் திருத்துகிறவரிடம் எந்த முதலாளி பேரேட்டைக் கொடுப்பார்? எழுதிய தேர்வுகளை, தவறியதையும் சேர்த்து, மாதம் ஆண்டுடன் விண்ணப்பத்தில் எழுதினேன். அதனால் சில இடங்களில் வாய்ப்பு போனது உண்மைதான்.

இப்போது நான் பணிபுரியும் திருப்பூர் ஏற்றுமதி நிறுவனத்தின் உரிமையாளர், சரக்கு விற்றவர்கள் தாக்கல் செய்த பில்களைக் காட்டும், ஒரு மாதத்துக்குரிய ஜி.எஸ்.டி. 2பி அறிக்கையையும் கொள்முதல் பதிவேட்டையும் என் முன் வைத்து, பொருந்தாத பில்களை எடுத்துக் காட்டச் சொன்னார். கொள்முதலில் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ள உதவும் உள்ளீட்டு வரி வரவு எங்கே தடைபடுகிறது என்று குறித்துக் கொடுத்தேன். ஆட்களைத் தேர்வு செய்யும் மற்றவர்களும் இப்படி ஒரு வேலையைக் கொடுத்துப் பார்க்கலாம். அந்த இரண்டு ஆண்டுகளைப் பற்றி அவர் அதன் பிறகுதான் கேட்டார்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
அவிநாசி.