கொடியைப் பார்க்கும் முன் சரிவைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உங்கள் ஞாயிறு இணைப்பில் கோல்ஃப் வீடியோ கேம் ஆட வந்திருந்த குறிப்புகளைப் படித்தேன். எந்த கிளப் (பந்தை அடிக்கிற மட்டை), எவ்வளவு காற்று, எத்தனை யார்டு தூரம், எல்லாம் இருந்தது, சரி. ஆனால் பந்தைக் கிரீனில், அதாவது குழியும் கொடியும் இருக்கிற வழவழப்பான புல்தரையில், ஏற்றுகிற அடிக்கு முன்னால் அந்தக் கிரீன் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பார்க்கச் சொல்லி ஒரு வரிகூட இல்லையே. புதிதாக ஆடுகிற பிள்ளைகள் தடுமாறுவதே அங்கேதான்.

நான் பாம்பன்காரன். பக்கத்து வீட்டுத் தம்பியும் நானும் ராத்திரியில் பிஜிஏ டூர் 2கே23 என்கிற கோல்ஃப் கேம் ஆடுவோம். போன வாரம் 140 யார்டிலிருந்து அவன் அடித்த பந்து கொடியைத் தாண்டி எட்டடியில் நின்றது. கை தட்டிவிட்டான். அப்புறம் கிரீன்மேல் சரிவைக் காட்டுகிற கோட்டுக் கட்டத்தைப் போட்டுப் பார்த்தால், கோடுகளில் புள்ளிகள் குழியைப் பார்த்து விறுவிறுவென்று ஓடுகின்றன, அவ்வளவு இறக்கம். லேசாகத்தான் தொட்டான், பந்து குழியைத் தாண்டி உருண்டு கிரீனை விட்டே போய்விட்டது. என் பந்து கொடிக்குக் கீழே இருபதடியில் கிடந்தது. ஏற்றம் என்பதால் துணிந்து அழுத்தி அடிக்க முடிந்தது, இரண்டே தட்டில் பந்தைக் குழியில் போட்டேன்.

பந்து வெளியே கிடக்கும்போதே கேமராவைக் கிரீனுக்குக் கொண்டுபோய் மேடு எது, பள்ளம் எது என்று பார்த்துவிட வேண்டும். ஏற்றத்தில் விழும் பந்து சீக்கிரம் நின்றுவிடும், இறக்கத்தில் விழுந்தால் ஓடும். பக்கவாட்டுச் சரிவு என்றால் மேட்டுப் பக்கம் இறக்கினால் போதும், மிச்சத்தைச் சரிவே பார்த்துக்கொள்ளும். எங்கள் பெரியப்பா தூண்டில் எறிவதும் இப்படித்தான். மீன் நிற்கிற இடத்தில் எறியவே மாட்டார். வாடைக்காலத்தில் தெற்கே இழுக்கிற தண்ணீர் தென்மேற்குக் காற்று வந்ததும் வடக்கே இழுக்கும், அதைப் பார்த்து நீரோட்டம் வருகிற பக்கமாகத் தள்ளி எறிவார், இரை தானாக மிதந்து மீனிடம் வந்து சேரும்.

2005 மாஸ்டர்ஸ் கோல்ஃப் போட்டியில், அமெரிக்காவின் அகஸ்டா மைதானத்து 16ஆவது குழியில் கோல்ஃப் வீரர் டைகர் உட்ஸ் கிரீனுக்கு வெளியிலிருந்து அடித்ததைப் பாருங்கள். குழி இருக்கும் திசையை விட்டுவிட்டு மேட்டைப் பார்த்து அடித்தார். பந்து அங்கே திரும்பி, மெல்ல உருண்டு இறங்கி, விளிம்பில் ஒரு கணம் நின்று விழுந்தது. 2023இல் வந்த இஏ ஸ்போர்ட்ஸ் பிஜிஏ டூர் என்கிற இன்னொரு கேமில் அதே கிரீன் இருக்கிறது, யாரும் ஆடிப் பார்க்கலாம்.

நாங்கள் ஆடுகிற கேமில் தமிழ் கிடையாது. சரிவைப் பற்றிய விளக்கம் முழுக்க ஆங்கிலத்தில்தான். எங்கள் கரையோரத்துப் பிள்ளைகள் பாதியை ஊகித்துத்தான் ஆடுகிறார்கள். அடுத்த ஞாயிறு அந்தக் கட்டத்தின் படத்தைப் பெரிதாகப் போட்டு, புள்ளி எந்தப் பக்கம் ஓடினால் என்ன அர்த்தம், வேகமாக ஓடினால் என்ன என்று தமிழில் எழுதுங்கள். தம்பிக்கு அதை வெட்டிக் கொடுக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், பாம்பன், ராமநாதபுரம் மாவட்டம்