செவிலியரின் சோர்வுக்கு யார் பொறுப்பு?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கொரோனா காலத்தில் செவிலியர்களின் மன உறுதியைப் பாராட்டாதவர் இல்லை. ஆனால் அந்த உறுதி குலையாமலிருக்க நாம் என்ன செய்தோம் என்று கேட்டவர் குறைவு. கவச உடையை அணிந்துவிட்டால் பணி முடியும்வரை தண்ணீர் குடிக்கவோ கழிப்பறைக்குச் செல்லவோ வழியின்றி, வியர்வையில் மங்கிய கண்ணாடிக்குள்ளிருந்து ஊசி போட நரம்பு தேடியவர்கள் அவர்கள். உறவினர் நுழைய முடியாத வார்டில், மூச்சுத் திணறும் நோயாளியின் முகத்தருகே கைப்பேசியைப் பிடித்து, வீட்டாருடன் கடைசியாகப் பேசவைத்தவர்களும் அவர்களே. வேலைநேரம் முடிந்தாலும் அந்தப் பாரம் மனதைவிட்டு இறங்குவதில்லை.

முறையாகக் கையாளப்படாத நீடித்த பணியிட அழுத்தத்தின் விளைவே பணிச்சோர்வு என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வரையறுத்தது. எனவே இதைத் தனிமனிதரின் பலவீனமாகக் கருதி, யோகா வகுப்பாலும் கைதட்டலாலும் ஈடுகட்டிவிட முடியாது.

தமிழகத்தில் 2020-இல் தொகுப்பூதியத்தில் சேர்க்கப்பட்டு, பெருந்தொற்று முழுவதும் உழைத்த சுமார் 2,400 செவிலியர்கள், 2022 டிசம்பர் 31-உடன் பணியிலிருந்து விடுவிக்கப்பட்டது இன்றும் நெஞ்சை உறுத்துகிறது. பின்னர் மாற்றுப் பணி அறிவிக்கப்பட்டதை மறுக்கவில்லை. அதுவும் ஒப்பந்தப் பணிதான். நாளை வேலை இருக்குமா என்ற அச்சத்தோடு இரவுப்பணி பார்ப்பவரிடம் மனவலிமையை எதிர்பார்ப்பது நியாயமன்று.

காலியிடங்களை நிரந்தரமாக நிரப்புவதோடு, நெருக்கடிக்காலப் பணிக்குப் பின் ஊதியத்துடன் கட்டாய ஓய்வும், பணிப்பதிவேட்டில் இடம்பெறாத மனநல ஆலோசனையும் வழங்க மக்கள் நல்வாழ்வுத் துறை உடனே ஆணையிட வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர், மதுரை.