பில்லியன் என்பது நூறு கோடி

ஆசிரியருக்கு,

பிரபஞ்சத்தின் வயது குறித்துத் தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரையில், 13.8 பில்லியன் ஆண்டுகள் என்பது '13.8 லட்சம் கோடி' என அச்சாகியுள்ளது. 1,380 கோடி என்பதே சரி. பிழை ஆயிரம் மடங்கு! மொழிபெயர்ப்பாளரை மட்டும் குறைசொல்ல மனம் வரவில்லை. பிரிட்டனில் பில்லியன் முன்பு லட்சம் கோடியையே குறித்தது. 1974-இல்தான் அந்நாட்டு அரசு நூறு கோடி என்ற பொருளை ஏற்றது. ஜெர்மன் மொழியில் இன்றும் பழைய பொருள்தான்.

என் மேசையில் இருக்கும் அட்டை கிழிந்த அகராதியும் லட்சம் கோடி என்றே சொல்கிறது. அதை நம்பி என் மகளுக்குத் தவறாகச் சொல்லிக்கொடுத்தேன். அவளது விடைத்தாளில் சிவப்பு மைச் சுழியைக் கண்ட பிறகே உண்மை தெரிந்தது. பில்லியன் வரும் செய்திகளில் எல்லாம் அதைக் கோடியில் மாற்றியே அச்சிட வேண்டுகிறேன்.

– ஒரு வாசகர்