சோதனையில் கெட்டுப்போகும் தோலுக்கு யார் பொறுப்பு?

ஆசிரியருக்கு வணக்கம்.

பல்கலைக்கழகம், தொழில்துறை, அரசு மூன்றும் கைகோக்க வேண்டும் என்று பேசும்போதெல்லாம் எத்தனை புரிந்துணர்வு ஒப்பந்தங்கள் கையெழுத்தாயின என்றுதான் கணக்குக் காட்டுகிறார்கள். ஆராய்ச்சிக்கு மானியம் உண்டு. இயந்திரம் வாங்க வங்கிக் கடன் உண்டு. ஆய்வகத்தில் தேறிய ஒரு முறையை முதன்முதலாக ஆலையில் ஓட்டிப் பார்க்கும்போது வீணாகும் சரக்குக்கு மட்டும் எங்களுக்குத் தெரிந்த எந்தத் திட்டத்திலும் இடமில்லை. தோல் தொழிலை வைத்து இதை விளக்க விரும்புகிறோம்.

இந்தக் கூட்டணி தோல் துறைக்குப் புதிதல்ல. 1948-ல் சென்னையில் உருவான மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் கிண்டிப் பொறியியல் வளாகத்தை ஒட்டியே அமைந்தது. தோல் தொழில்நுட்ப மாணவர்கள் இன்றும் இரண்டு இடங்களிலும் படிக்கிறார்கள். 1970-களில் மத்திய அரசு பாதி பதனிட்ட தோலின் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு விதித்தபோது, ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை டேனரிகள் (தோல் பதனிடும் ஆலைகள்) முழுமையாக்கிய தோலுக்கு மாறின. மாறுவதற்கான தொழில்நுட்பம் பக்கத்திலேயே இருந்தது. ஆனால் கழிவுநீரைப் பற்றி அன்றைய கொள்கை போதிய அளவு யோசிக்கவில்லை. அதற்கான விலையைப் பாலாற்றங்கரை மக்கள் கொடுத்தார்கள். 1996-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகே சுத்திகரிப்பில் கண்டிப்பு வந்தது.

கழிவுநீர்ச் சிக்கல், தோலைப் போட்டுச் சுற்றும் பெரிய பீப்பாயான டிரம்முக்குள் தொடங்குகிறது. குரோமிய உப்பால் பதனிடும் வழக்கமான குரோம் முறையில், சுண்ணாம்பு நீக்கிய தோலை முதலில் பிக்கிள் செய்வார்கள், அதாவது உப்பிலும் அமிலத்திலும் ஊறவைப்பார்கள். தோல் எடையில் 8 முதல் 10 சதவீதம் உப்பு போட்டு, பிறகு நீர்த்த கந்தக அமிலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, பிஎச்சை (அமிலத்தன்மையின் அளவு; குறைந்தால் அமிலம் அதிகம்) 3 அளவுக்கு இறக்குவார்கள். உப்பில்லாமல் அமிலம் விட்டால் தோல் ஊதிவிடும். அடுத்து, தோலைப் பதனிடும் உப்பான பேசிக் குரோமியம் சல்பேட் சுமார் 8 சதவீதம். கடைசியில் சோடியம் பைகார்பனேட்டைத் தவணை தவணையாக விட்டு பிஎச்சை 4-க்கு அருகே ஏற்றுவார்கள். இவ்வளவு செய்தும் குரோமில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பிடிக்காமல் கழிவுநீரோடு போகிறது. குரோமையாவது வீழ்படிவாக்கி மீட்டுவிடலாம். கரைந்த உப்பைப் பிரிக்கச் சவ்வு வடிகட்டியும் ஆவியாக்கியும் வேண்டும், கரன்ட் பில் எகிறும்.

இதற்குத் தீர்வாக மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கியதுதான் நீரில்லாக் குரோம் பதனிடும் முறை. பிக்கிளும் வேண்டாம், கடைசியில் பிஎச் ஏற்றும் வேலையும் வேண்டாம். குரோம் தேவை 15 முதல் 20 சதவீதம் குறைகிறது. நாட்டின் பல டேனரிகள் இதை ஏற்றுக்கொண்டன. அரசுச் செலவில் பிறந்த ஆராய்ச்சி ஆலைக்குள் நுழைந்ததற்கு இது நல்ல சான்று. ஆனால் இப்படி நுழையும் முறைகள் குறைவு.

ஆய்வக டிரம்மில் சில கிலோ தோல்தான் சுற்றும். ஆலை டிரம்மில் 2 டன், 3 டன் ஏறும். தண்ணீரைக் குறைத்து அந்தப் பாரத்தைச் சுற்றினால் உராய்வில் சூடு ஏறும், கிரெய்ன் (தோலின் மேற்பரப்பு) சிராயும், மோட்டார் அதிக ஆம்பியர் இழுக்கும், மடிந்த இடங்களில் குரோம் சீராக ஏறாது. கழுத்துப் பக்கம் ஒரு துண்டு வெட்டி, குறுக்குவெட்டில் குரோமின் நீலம் நடுவரை ஏறியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். கொதிநீரில் போட்டுச் சுருங்குகிறதா என்றும் பார்ப்பார்கள். இரண்டிலும் தேறிய தோல்கூட, சில வாரங்கள் கழித்துச் சாயம் ஏற்றும்போது திட்டுத் திட்டாக வெளுத்து நிற்கும். அதற்குள் ஏற்றுமதித் தேதி நெருங்கியிருக்கும். தோலின் அடக்க விலையில் பாதிக்கு மேல் பச்சைத் தோலுக்கே போகிறது. சிறு டேனரிகள் பலவும் ஜாப் ஒர்க் செய்பவை. பிறர் சரக்கை வைத்து அவர்கள் எப்படிப் பரிசோதனை செய்வார்கள்?

மத்திய அரசு 2025-ல் ஒப்புதல் தந்த 1 லட்சம் கோடி ரூபாய் ஆராய்ச்சி, மேம்பாடு, புத்தாக்கத் திட்டம் குறைந்த வட்டியிலும் வட்டியின்றியும் நீண்டகாலக் கடன் தருகிறது. பெரிய நிறுவனங்களுக்கு அது உதவும். தோற்றுப்போகக்கூடிய ஒரு சோதனைக்காக எந்தச் சிறு டேனரியும் கடன் வாங்காது.

எனவே மாநில அரசு ஒரு சோதனை இழப்பீட்டு நிதியை ஏற்படுத்த வேண்டும். ஒவ்வொரு தோலையும் முதுகு வழியே இரண்டாக வெட்டி, இடப் பாதியைப் பழைய முறையிலும் வலப் பாதியைப் புதிய முறையிலும் பதனிட்டால், ஒரே மாட்டின் தோலில் வித்தியாசம் தெளிவாகத் தெரிந்துவிடும். தரம் பிரிப்பவர் இரு தரப்பையும் சேராதவராக இருக்க வேண்டும். விலை வித்தியாசத்தில் அரசு பாதியும், தொழில்நுட்பம் தந்த நிறுவனம் கால் பங்கும், ஆலை கால் பங்கும் ஏற்கட்டும். ஆலைக்கும் பங்கு இருந்தால்தான் மேஸ்திரி கவனமாக ஓட்டுவார். கோடையில் போர்வெல் நீரின் உப்பு மாறும் என்பதால், கோடையில் ஒன்றும் மழைக்காலத்தில் ஒன்றுமாகச் சோதனை நடக்க வேண்டும்.

டிரம் அருகே வாரக்கணக்கில் நிற்கும் விஞ்ஞானிக்கும் பேராசிரியருக்கும், ஆய்வுக் கட்டுரைக்கு உள்ள அதே மதிப்பைப் பதவி உயர்வில் தர வேண்டும். இன்று அந்த வாரங்கள் அவர்களுக்கு நஷ்டக் கணக்கு. காப்புரிமைக்கு விண்ணப்பிக்கும் முன்பே கட்டுரை வெளியிட்டால் புதுமைத் தகுதி போய்விடும் என்பதால், முதலில் தற்காலிக விண்ணப்பம் போட்டு, 12 மாதத்துக்குள் முழு விண்ணப்பம் தருவதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடலாம்.

சோதனை வென்றாலும் தோற்றாலும் தோலின் வகை, எடை, டிரம் வேகம், வெப்பம், பிஎச், கிடைத்த தரம் ஆகியவற்றைத் தமிழில் ஒரு பக்கத்தில் எழுதி வெளியிடுவது இந்த நிதியைப் பெறுவதற்கு நிபந்தனையாக இருக்கட்டும். ஆம்பூரில் தோற்ற அளவையே பேரணாம்பட்டில் இன்னொருவர் போட்டுத் தோற்பது அப்போதுதான் நிற்கும்.

இப்படிக்கு,
தோல் தொழில்நுட்பப் பணியாளர்கள் சிலர்,
ஆம்பூர்.