செயலாளரின் ஆண்டறிக்கை – 2024

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் அங்கத்தவர்களுக்கும் வணக்கம்.

தைப்பொங்கல், கோடைகால ஒன்றுகூடல், வாணி விழா ஆகிய மூன்றும் வழமைபோல் சிறப்பாக நடைபெற்றன.

கனடாவில் பூர்வகுடிப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து வைத்திருந்த வதிவிடப் பாடசாலைகளிலிருந்து உயிர்தப்பி வந்தோருக்கு உளஆற்றுப்படுத்தல் பணி செய்யும் பூர்வகுடிச் சமூகப் பணியாளர் ஒருவரைச் செப்டெம்பர் 30 அன்று ரொறொன்ரோவிலுள்ள எமது மண்டபத்துக்கு அழைத்திருந்தோம். "இது எமக்கு எதற்கு?" என்று நிர்வாகக் குழுவிலேயே கேட்கப்பட்டதால் சற்று விரித்து எழுதுகிறேன். அப்பாடசாலைகளில் நடந்தவற்றை விசாரித்த கனடாவின் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு 2015இல் விடுத்த 94 அறைகூவல்களில் கடைசி இரண்டும் குடிபெயர்ந்து வந்த எம்மைப் பற்றியவை. அவற்றுள் ஒன்றின் பயனாகவே குடியுரிமைச் சத்தியப்பிரமாணத்தில் பூர்வகுடிகளின் உடன்படிக்கை உரிமைகள் 2021இல் சேர்க்கப்பட்டன.

பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்ட 150,000க்கும் மேற்பட்ட பிள்ளைகளைப் பற்றியும், 1970 வரை பிரான்ட்போர்ட்டில் இயங்கிய மொஹாக் பாடசாலையில் பிள்ளைகள் இலக்கங்களால் அழைக்கப்பட்டதைப் பற்றியும் அவர் பேசினார். முதியவர்கள் வாய் திறக்கும்வரை எதையும் கேட்காமல் பக்கத்தில் இருப்பதே தமது பணியில் பெரும்பகுதி என்றார். அவர்கள் கண்ணீர் துடைத்த கடதாசிகளைக் குப்பையில் போடாமல் சேர்த்துவைத்துப் புனிதத் தீயில் இடுவார்களாம். அதைக் கேட்டதும், காணாமல் ஆக்கப்பட்ட மகனை இன்றும் தேடிக்கொண்டிருக்கும் எமது அங்கத்தவர் ஒருவர் எழுந்துபோய் அவருக்குப் பக்கத்தில் அமர்ந்துகொண்டார்.

அன்று வந்தவர்கள் 17 பேர் மட்டுமே. வாணி விழா விருந்துக்கு மண்டபம் கொள்ளாத கூட்டம் வந்ததை நினைக்கையில் இது எனக்கு ஆறாத மனவருத்தம். இரண்டு ஆண்டுச் சந்தா நிலுவையில் உள்ளவர்களே செலவைப் பற்றி அதிகம் கேட்டதையும் பதிவுசெய்கிறேன்.

கணக்கில் "புகையிலை" என்றுள்ள செலவு குறித்துப் பலர் வினவினர். மூத்தோரிடம் ஒன்றை வேண்டும்போது துணியில் முடிந்த புகையிலையைக் கையில் கொடுத்துக் கேட்பது இங்குள்ள பல பூர்வகுடிகளின் முறை. நாம் வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பதைப் போன்றது. அது இல்லாமல் அழைத்திருந்தால் அதுவே மரியாதைக் குறைவு. ஏனைய வரவுசெலவு பெரும்பாலும் சமநிலையில் உள்ளது. விவரம் பொருளாளரிடம் உண்டு.

மண்டபம் தந்தோருக்கும் உணவு சமைத்தோருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டும் வருவதாக அந்தச் சமூகப் பணியாளர் சொல்லியிருக்கிறார். பணம் எதுவும் கேட்கவில்லை. தாம் பணி செய்யும் முதியவர்களை மருத்துவரிடமும் ஒன்றுகூடல்களுக்கும் கூட்டிச்செல்ல வாகனம் ஓட்டுவோர் போதவில்லை என்று மட்டும் சொன்னார். சாரதி அனுமதிப்பத்திரம் உள்ளோர் எம்மிடையே நிறைய இருக்கிறார்கள். பெயர் எழுதும் தாளை மண்டப வாசலில், சந்தாப் புத்தகத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.

செயலாளர்