பருவ முடிவுச் செய்திகளும் வீட்டுப்பாடம் பற்றி ஒரு வேண்டுகோளும்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். இரண்டாம் பருவம் நல்லபடியாக முடிந்தது. விளையாட்டு விழா, அறிவியல் கண்காட்சி, பேச்சுப்போட்டி எல்லாவற்றிலும் பிள்ளைகள் உற்சாகமாகக் கலந்துகொண்டார்கள். பரிசு வாங்கியவர்களுக்கும், மேடை ஏறிய எல்லோருக்கும் வாழ்த்துகள். நூலகத்துக்குப் புதுப் புத்தகங்கள் வந்திருக்கின்றன. மதிப்பெண் பட்டியல் வழக்கம்போல வகுப்பாசிரியர் வழியாக உங்களுக்கு வந்து சேரும்.

இன்னொரு விஷயத்தையும் உங்களோடு பேச வேண்டியிருக்கிறது. கொஞ்சம் நீளமாகத்தான் எழுத வேண்டும், பொறுமையாகப் படியுங்கள்.

போன மாதம் எட்டாம் வகுப்புக் கணக்கு ஆசிரியர் ஒரு கட்டு நோட்டுகளோடு என் அறைக்கு வந்தார். பாடப்புத்தகத்தில் உள்ள ஒரு கணக்கை அவர் வீட்டுப்பாடமாகக் கொடுத்திருந்தார். ஒரு தொட்டியை முதல் குழாய் 6 மணி நேரத்தில் நிரப்பும், இரண்டாவது குழாய் 12 மணி நேரத்தில் நிரப்பும், இரண்டையும் சேர்த்துத் திறந்தால் எவ்வளவு நேரம் ஆகும் என்பது புத்தகத்தில் உள்ள கேள்வி. விடை 4 மணி நேரம். ஆசிரியர் ஒரே ஒரு எண்ணை மாற்றியிருந்தார். முதல் குழாய்க்கு 6 மணிக்குப் பதில் 4 மணி. அப்படியானால் விடை 3 மணி நேரம் வர வேண்டும்.

38 நோட்டுகளில் 23 நோட்டுகள், விடை 4 மணி நேரம் என்றன. படிகள் எல்லாம் அழகான கையெழுத்தில், வரிசை மாறாமல், கடைசி வரிக்குக் கீழே இரட்டைக் கோடு போட்டு இருந்தன. ஆனால் கேள்வியில் 4 என்று எழுதிவிட்டு விடையின் முதல் படியிலேயே 6 என்று எழுதியிருந்தார்கள். முதல் குழாய் தனியாகவே 4 மணி நேரத்தில் தொட்டியை நிரப்பிவிடும். இரண்டாவது குழாயையும் திறந்த பிறகும் அதே 4 மணி நேரம்தான் ஆகிறது என்றால், அந்த இரண்டாவது குழாய் என்ன செய்துகொண்டிருந்தது? 23 பிள்ளைகளில் ஒருவர்கூட அதைக் கேட்கவில்லை.

அதே கட்டில் இன்னொரு நோட்டும் இருந்தது. ஒரு மாணவி 4-ஐயும் 12-ஐயும் கூட்டி, இரண்டால் வகுத்து, 8 என்று எழுதி, அதை அடித்திருந்தாள். பக்கத்தில் பென்சிலால், "8 வராது, முதல் குழாயே 4 மணியில் முடித்துவிடும்" என்று எழுதியிருந்தாள். அதற்கு மேல் ஒன்றுமில்லை. விடை கண்டுபிடிக்கவில்லை. அன்று நான் பார்த்ததிலேயே எனக்கு மிகவும் பிடித்த நோட்டு அதுதான். அடுத்த நாள் வகுப்பில் ஆசிரியர் பாதி விளக்கத்தில் இருக்கும்போதே அவள் மீதியைச் சொல்லிவிட்டாள்.

பிள்ளைகளிடம் கோபப்படாமல் விசாரித்தோம். பாடப்புத்தகக் கேள்விகளுக்கு வரிக்கு வரி விடை தரும் இணையதளங்கள் இருக்கின்றன. கேள்வியின் முதல் வரியைத் தட்டினால் போதும். சிலர் அங்கிருந்து எடுத்தார்கள். மற்றவர்களுக்கு அது பெற்றோர்களின் வாட்ஸ்அப் குழுவில் படமாக வந்திருக்கிறது. மாலையில் ஒருவர் கேட்கிறார், பத்து நிமிடத்தில் இன்னொருவர் அனுப்புகிறார், அப்புறம் அது எல்லா வீட்டுக்கும் போய்விடுகிறது.

இதில் யாரையும் குற்றவாளியாக நிறுத்த நான் எழுதவில்லை. இரவு ஒன்பது மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் ஒரு குழந்தை "ஒரே ஒரு கணக்குதான் வரவில்லை" என்று அழும்போது, நாள் முழுக்க உழைத்துவிட்டு வந்த அப்பாவோ அம்மாவோ என்ன செய்ய முடியும் என்பது எனக்குத் தெரியும். "போனில் படிக்கிறான் என்று நினைத்துத்தானே கொடுத்தோம்" என்று ஒரு தாய் என்னிடம் சொன்னார். அவர் சொன்னது உண்மை. படிப்பதற்கு இணையத்தில் இன்று கிடைப்பவை நாம் படித்த காலத்தில் யாருக்கும் கிடைக்காதவை. அதனால் போனைப் பிடுங்கி வையுங்கள் என்று நான் சொல்லப் போவதில்லை. எதைத் திறந்து கொடுப்பது என்பதைப் பற்றித்தான் பேச வேண்டும்.

ஒரு தளம் நல்லதா என்று பார்க்க நான் ஒரு கேள்வியை வைத்திருக்கிறேன். அதைத் திறந்து பத்து நிமிடத்துக்குள் என் குழந்தை தானாக ஏதாவது செய்ய வேண்டி வருகிறதா? எழுதவோ, இழுத்துப் பார்க்கவோ, யோசித்து ஒரு விடையைத் தேர்ந்தெடுக்கவோ, தப்பு செய்யவோ? இல்லை, பார்த்துக்கொண்டே மட்டும் இருக்கிறதா?

கான் அகாடமி (Khan Academy) என்ற கல்வித் தளம் இந்தச் சோதனையில் தேறும். சல்மான் கான் 2004-இல் வேறு ஊரில் இருந்த தன் உறவுக்காரச் சிறுமிக்குத் தொலைவிலிருந்தே கணக்கு சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார். அதுதான் வளர்ந்து 2008-இல் லாப நோக்கமில்லாத நிறுவனம் ஆனது. கட்டணம் இல்லை, விளம்பரம் இல்லை. அதில் வீடியோக்களைவிட மேலானவை பயிற்சிகள்தான். பல பிள்ளைகள் வீடியோவை மட்டும் வேகமாக ஓட்டிவிட்டு மூடிவிடுகிறார்கள். பயிற்சியில் மாட்டிக்கொண்டால் அது உடனே விடையைக் கொட்டாது, முதலில் ஒரு குறிப்பு கொடுக்கும், பிறகு இன்னொன்று. உங்கள் பிள்ளையிடம் "எத்தனை வீடியோ பார்த்தாய்" என்று கேட்காதீர்கள். "எத்தனை கணக்கு போட்டாய், எதில் மாட்டிக்கொண்டாய்" என்று கேளுங்கள்.

அறிவியலுக்கு நான் எல்லோருக்கும் சொல்வது ஃபெட் (PhET), திரையிலேயே சோதனை செய்து பார்க்கும் தளம். இயற்பியலில் நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன் 2002-இல் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. அதில் மின்சுற்று ஒன்றைக் கட்டும் பகுதி இருக்கிறது. பேட்டரி, பல்பு, கம்பி எல்லாவற்றையும் குழந்தையே இழுத்துப்போட்டுச் சேர்க்க வேண்டும். சரியாகச் சேர்த்தால் பல்பு எரியும். பல்பு இல்லாமல் பேட்டரியின் இரு முனைகளையும் வெறும் கம்பியால் இணைத்தால் திரையில் தீப்பிடிக்கும். எங்கள் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் முதலில் செய்ததே தீ வைத்ததுதான். குறுக்குச்சுற்று என்றால் என்ன என்று அதற்குப் பிறகு அவர்களுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. பல செயல்பாடுகள் தமிழிலும் இருக்கின்றன, கட்டணம் கிடையாது.

வடிவியலுக்கு, வடிவங்களை வரைந்து இழுத்துப் பார்க்கும் ஜியோஜீப்ரா (GeoGebra). முக்கோணத்தின் ஒரு முனையைப் பிடித்து எங்கே இழுத்தாலும் மூன்று கோணங்களின் கூட்டுத்தொகை 180 பாகையிலேயே நிற்பதைக் குழந்தை தன் கையால் பார்க்கும். நிரல் எழுத ஆசைப்படும் சிறியவர்களுக்கு அமெரிக்காவின் எம்ஐடி (மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம்) ஊடக ஆய்வகம் 2007-இல் வெளியிட்ட ஸ்க்ராட்ச் (Scratch) போதும். தனியாக வகுப்பு தேவையில்லை.

தமிழில் படிக்க என்ன இருக்கிறது என்று பலர் கேட்கிறீர்கள். மதுரைத் திட்டம் 1998 முதல் நடக்கிறது. சங்க இலக்கியம் தொடங்கிப் பிற்கால நூல்கள் வரை தன்னார்வலர்கள் உட்கார்ந்து தட்டச்சு செய்து, பிழை பார்த்து, இலவசமாக வைத்திருக்கிறார்கள். தமிழ் விக்கிப்பீடியா 2003-இல் தொடங்கியது. விக்கிப்பீடியாவிலிருந்து பத்தி பத்தியாக நோட்டில் எழுதுவதை நாங்கள் ஏற்கமாட்டோம், ஆனால் அதைப் படிக்கவே கூடாது என்று சொல்லவில்லை. கட்டுரையின் அடியில் உள்ள மேற்கோள்களைத் திறந்து பார்க்கவும், "வரலாறு" என்ற இடத்தைச் சொடுக்கி யார், எப்போது, எதை மாற்றினார்கள் என்று பார்க்கவும் உங்கள் பிள்ளைக்கு ஒருமுறை காட்டுங்கள். ஒரு தகவல் எங்கிருந்து வந்தது என்று கேட்கும் பழக்கம் அங்கே தொடங்கும்.

எந்தச் செயலிக்குச் சந்தா கட்டலாம் என்று கேட்டு எனக்கு வரும் செய்திகளுக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். பள்ளிப் பாடத்துக்கு எதற்கும் கட்டத் தேவையில்லை. மேலே சொன்னவை எல்லாமே இலவசம். "சில நாள் மட்டும் இலவசம்" என்று சொல்லி முதலிலேயே வங்கி அட்டை எண்ணைக் கேட்கும் செயலிகளில் அவசரப்பட்டுச் சேராதீர்கள்.

சாட்ஜிபிடி போன்ற செயற்கை நுண்ணறிவு உரையாடிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவை சரியான விடையையும் தவறான விடையையும் ஒரே உறுதியோடு சொல்லும். வித்தியாசம் கண்டுபிடிக்கத் தெரியாத வயதில் அது ஆபத்து. சிறிய வகுப்புகளுக்கு வேண்டவே வேண்டாம். பெரிய வகுப்புப் பிள்ளைகள் பயன்படுத்தினால் நீங்கள் பக்கத்தில் இருங்கள், முதலில் தானே ஒருமுறை போட்டுப் பார்த்த பிறகு, "விடை சொல்லாதே, நான் செய்ததில் எந்தப் படியில் தவறு என்று மட்டும் சொல்" என்று கேட்கப் பழக்குங்கள்.

இவ்வளவு ஏன் வற்புறுத்துகிறேன் என்று நினைக்கலாம். 2006-இல் ரோடிகர், கார்பிக்கி என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் கல்லூரி மாணவர்களுக்கு ஒரு பாடப்பகுதியைக் கொடுத்தார்கள். ஒரு குழு அதைத் திரும்பத் திரும்பப் படித்தது. மற்றக் குழு படித்துவிட்டு, மூடி வைத்து, நினைவில் இருப்பதை எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்பப் படித்தவர்கள்தான் முன்னால் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது நிலைமை தலைகீழ். மூடி வைத்து எழுதிப் பார்த்தவர்களுக்குத்தான் அதிகம் நினைவிருந்தது. விடையைப் பார்த்து எழுதும் பிள்ளைக்கு அன்றிரவு எல்லாம் புரிந்த மாதிரிதான் இருக்கும். அது நம்மை ஏமாற்றுவதில்லை, தனக்கே அப்படித் தோன்றுவதால்தான் "படித்துவிட்டேன்" என்று சொல்கிறது. பருவத் தேர்வு அன்று தாளை வெறித்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதும் அதே பிள்ளைதான். இந்த முறை அப்படிச் சிலரை நான் தேர்வறையில் பார்த்தேன். அந்த முகங்கள் இன்னும் என் மனதை விட்டுப் போகவில்லை.

அதனால் இதை நேராகவே சொல்கிறேன். பெற்றோர் குழுக்களில் வீட்டுப்பாட விடைகளையோ, விடைத் தளங்களின் இணைப்புகளையோ பகிர்வதை இன்றோடு நிறுத்துங்கள். நல்லெண்ணத்தோடு அனுப்புகிறீர்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் நீங்கள் அனுப்பும் ஒரு படம், தானாகப் போட்டுப் பார்க்கத் தயாராக இருந்த குழந்தையின் முயற்சியையும் சேர்த்து நிறுத்திவிடுகிறது. அடுத்த பருவத்தில் பார்த்து எழுதியது தெரிந்தால் அந்த நோட்டு திருத்தப்படாமல் திரும்பி வரும். பிள்ளை அதை ஆசிரியர் முன்னால் வகுப்பிலேயே மறுபடி செய்ய வேண்டும். இதில் யாருக்கும் விலக்கு கிடையாது, தயவுசெய்து என்னிடம் கேட்கவும் வேண்டாம்.

அதே சமயம், வீட்டுப்பாடம் முடியவில்லை என்றால் அடி விழுமோ, மதிப்பெண் போகுமோ என்ற பயம்தான் உங்களை விடை தேட வைக்கிறது என்றால், அந்தப் பயத்தைப் போக்குவது எங்கள் பொறுப்பு. இதுவரை அதை நாங்கள் சரியாகச் செய்யவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். இனி ஒரு கேள்வியை அரை மணி நேரம் உண்மையாக முயன்றும் வரவில்லை என்றால், நிறுத்திவிடச் சொல்லுங்கள். "முயற்சி செய்தான், வரவில்லை" என்று ஓரத்தில் ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். அதற்கு மதிப்பெண் குறையாது, திட்டும் கிடையாது. அடித்த வரிகளை அழிக்க வேண்டாம், ஆசிரியருக்கு அவைதான் வேண்டும். எங்கேயாவது பார்த்துப் புரிந்துகொண்டிருந்தால், "இந்தத் தளத்தில் பார்த்தேன்" என்று பெயரை எழுதட்டும், அதிலும் தவறில்லை. வீட்டுப்பாடத்தின் அளவைக் குறைப்பது பற்றியும் ஆசிரியர்களோடு பேசிக்கொண்டிருக்கிறேன்.

மேலே சொன்ன தளங்களை நேரில் காட்ட, விடுமுறை முடிந்து வரும் முதல் சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் கணினி அறையில் ஒரு மணி நேரம் ஒதுக்கியிருக்கிறோம். பிள்ளையோடு வாருங்கள். கணினியே பழக்கமில்லை என்று தயங்க வேண்டாம், பக்கத்தில் உட்கார்ந்து காட்ட ஆசிரியர்கள் இருப்பார்கள். உங்களுக்கே ஏதாவது படிக்க ஆசை இருந்தால் அதையும் கேளுங்கள். எம்ஐடி பல்கலைக்கழகம் தன் பாடங்களை எல்லோருக்கும் இலவசமாக இணையத்தில் வைக்கப்போவதாக 2001-இல் அறிவித்தது, இன்றுவரை வைத்திருக்கிறது. ஒரு மாணவனின் அம்மா விட்டுப்போன படிப்பை இணையத்தில் மறுபடி தொடங்கியிருக்கிறார். இப்போது சாயங்காலம் இருவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து படிக்கிறோம் என்று அந்தப் பையன் வந்து சொன்னபோது, எனக்கு அந்த வாரமே நிறைந்துவிட்டது.

இந்தப் பருவம் முழுக்க நீங்கள் தந்த ஒத்துழைப்புக்கு மனமார்ந்த நன்றி. விழா வேலைகளுக்கு விடுமுறை எடுத்து வந்தவர்கள், நூலகத்துக்குப் புத்தகம் கொடுத்தவர்கள், தப்பு தெரிந்தவுடன் நேரில் வந்து "இனி அனுப்ப மாட்டேன்" என்று என்னிடம் சொன்ன அந்த இரண்டு பெற்றோர்கள், எல்லோருக்கும் நன்றி. விடுமுறையில் பிள்ளைகள் நன்றாகத் தூங்கட்டும், விளையாடட்டும். சனிக்கிழமைக்கு வருகிறவர்கள் வகுப்பாசிரியரிடம் பெயரைச் சொல்லிவிடுங்கள், நாற்காலி போட வசதியாக இருக்கும்.

அன்புடன்,
தலைமையாசிரியர்